ஆர்வெல்லின் பர்மாவில் நம்மவர்கள்

ஜூன் 6

ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘பர்மிய நாட்கள்’ ஏகாதிபத்திய எதிர்ப்பு நாவல் என்று எல்லோரும் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அதை மறுக்க வரவில்லை. அந்த ஒரு வரி போதாது என்கிறேன். அதிகாரம் வெள்ளைக்காரன் மனசை எப்படி அழுக வைக்கிறது என்பதை அவ்வளவு நேராகச் சொன்ன இன்னொரு நாவலை நான் படித்ததில்லை. ஆனால் அந்த அதிகாரத்துக்கு அடியில் கிடந்தவர்கள்? பர்மியர்கள், அவர்களுக்கு நடுவே கப்பலில் போய் இறங்கிய நம் ஆட்கள், இவர்களுக்கு அந்தப் பக்கங்களில் உயிர் இருக்கிறதா? பாதி உயிர்தான் இருக்கிறது என்பது என் கட்சி. படித்தவர்கள் வாருங்கள், பேசுவோம்.

ஜூன் 6, இரவு

படிக்காதவர்களுக்குக் கதைச் சுருக்கம். மேல் பர்மாவில் சவுக்டடா என்ற சிற்றூர். ஆர்வெல் போலீஸ் அதிகாரியாகக் கடைசியாக வேலை பார்த்த கத்தா ஊரை வைத்து எழுதியது. ஜனத்தொகை நாலாயிரம் போல. இந்தியர் ஒரு இருநூறு பேர், வெள்ளைக்காரர் ஏழே பேர். அந்த ஏழு பேருக்கு ஒரு கிளப். தேக்கு வியாபாரத்தில் இருக்கும் ஃப்ளோரிக்கு முப்பத்தைந்து வயது, இடது கன்னத்தில் பெரிய கருநீல மச்சம். மனம்விட்டுப் பேச அவனுக்கு இருக்கும் ஒரே ஆள் டாக்டர் வீராசாமி. ஊரின் சிவில் சர்ஜன், ஜெயில் சூப்பிரண்டும் அவர்தான். கிளப்பில் சுதேசி ஒருவரைச் சேர்க்க வேண்டும் என்று மேலிருந்து உத்தரவு வருகிறது. அந்த இடத்துக்கு டாக்டரும் ஊ போ ச்சின் என்ற பர்மிய மாஜிஸ்திரேட்டும் போட்டி. ஊ போ ச்சின் மொட்டைக் கடிதமாக எழுதி டாக்டரை ஒழிக்கப் பார்க்கிறான். இடையில் எலிசபெத் என்ற ஆங்கிலப் பெண் வருகிறாள், ஃப்ளோரி மனசைப் பறிகொடுக்கிறான், எல்லாம் நாசமாகிறது. ஃப்ளோரி தன் நாயைச் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொள்கிறான். டாக்டர் பதவி இறக்கப்பட்டு மாண்டலேக்குப் போகிறார். ஊ போ ச்சினுக்குக் கிளப் கிடைக்கிறது.

ஜூன் 7

கிளப் காட்சிகளில் இருந்து தொடங்கலாம். நாவலின் பலம் முழுவதும் அங்கேதான்.

கிளப்பின் பட்லரை ஆர்வெல் ‘திராவிடன்’ என்றே சொல்கிறார். கறுத்த, தடித்த ஆள். ஐஸ் தீரப்போகிறது என்று கிளப் உறுப்பினன் எல்லிஸிடம் சுத்தமான ஆங்கிலத்தில் சொல்கிறான். எல்லிஸுக்குக் கோபம் ஐஸ் மேல் வரவில்லை, அந்த ஆங்கிலத்தின் மேல் வருகிறது. அகராதியை விழுங்கினாயா, வேலைக்காரன் எப்படிப் பேசணுமோ அப்படிக் கொச்சையாகப் பேசு என்று அவனே பேசிக் காட்டுகிறான். வெள்ளைக்காரனுக்கு வேண்டியது வேலை நடப்பது மட்டும் இல்லை. எதிரில் நிற்பவன் தாழ்ந்தவனாகத் தெரிய வேண்டும். நன்றாகப் பேசினால் அது மீறல்.

அடுத்து வெரல் வரும் இடம். குதிரைப் படை லெப்டினன்ட், பிரபு வீட்டுப் பிள்ளை, வெளியூரிலிருந்து வந்தவன். வந்த வேகத்தில் அதே பட்லரை உதைக்கிறான். எல்லிஸ் கொதித்துப்போகிறான். எதற்கு? எங்கள் வேலைக்காரனை உதைக்க நீ யார், நீ இந்தக் கிளப்பில் உறுப்பினர்கூடக் கிடையாது, உதைப்பது எங்கள் வேலை என்று. உதைபட்டவனை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நிறவெறி என்பது வெறுப்பு மட்டும்தான் என்று நினைப்பவர்கள் இந்தக் காட்சியைப் படிக்க வேண்டும். அது ஒரு சொத்துரிமை. இன்னார் மேல் கை வைக்க இன்னாருக்கு உரிமை என்ற கணக்கு.

கிளப்புக்கு வரும் லாக்கர்ஸ்டீன் அம்மாள் இன்னொரு இடத்தில், இந்தச் சுதேசிகள் நம் ஊர்க் கீழ்த்தட்டு ஜனங்கள் அளவுக்கு மோசமாகிக்கொண்டு வருகிறார்கள் என்று அலுத்துக்கொள்கிறாள். இங்கிலாந்தில் தொழிலாளிக்குக் கொடுத்த இடத்தைத்தான் இங்கே நிறத்துக்குக் கொடுத்தார்கள் என்பதை ஆர்வெல் ஒரு பெண்ணின் புலம்பலில் வைத்துவிடுகிறார். இதற்காக அவரைக் கும்பிடலாம்.

ஜூன் 7, சற்றுப் பின்

அந்தப் பட்லருக்கு நாவல் முழுக்க ஒரு மனசு கிடையாது. உதைபட்ட இரவு அவன் வீட்டுக்குப் போய் என்ன சொன்னான்? எல்லிஸ் என்ன நினைக்கிறான் என்று நமக்குத் தெரிகிறது, வெரல் என்ன நினைக்கிறான் என்று தெரிகிறது. பட்லர் நினைப்பது தெரியவே இல்லை. அவன் கண்களை நாயின் கண்களுக்கு ஒப்பிட்டது எல்லிஸ் இல்லை, கதைசொல்லி.

‘பாதி’ என்று நான் சொன்னது இதைத்தான்.

ஜூன் 9

ஒரு நண்பர் கேட்கிறார்: “நாவல் ஃப்ளோரியின் கண் வழியாகப் போகிறது. ஃப்ளோரிக்குத் தெரியாததை ஆர்வெல் எப்படி எழுதுவார்?”

நாவல் ஃப்ளோரியின் கண்ணோடு நிற்கவில்லை என்பதுதான் பதில். முதல் அத்தியாயமே ஊ போ ச்சின் தலைக்குள் தொடங்குகிறது. சின்னப் பையனாக மாண்டலேயில் பிரிட்டிஷ் படை நுழைந்ததைப் பார்த்துப் பயந்தவன். இவர்களோடு சண்டை போட்டு ஜெயிக்க முடியாது, இவர்கள் மேல் ஒட்டிக்கொண்டு வாழ்வதே வழி என்று அந்த வயதிலேயே முடிவெடுக்கிறான். எலிசபெத் மனசுக்குள்ளும் போகிறோம், எல்லிஸ் மனசுக்குள்ளும் போகிறோம். போக வழி இருந்திருக்கிறது. ஆக, யாருக்குள் போகவில்லை என்பது எழுதியவர் எடுத்த முடிவு.

பர்மியர்களில் அவர் உள்ளே போய்ப் பார்த்த பெரிய பாத்திரம் ஊ போ ச்சின் ஒருவன்தான், அவன் நாவலிலேயே பெரிய அயோக்கியன். பெண்ணைக் கெடுப்பான், லஞ்சம் வாங்குவான், கடைசிக் காலத்தில் பகோடா கட்டி எல்லாப் பாவத்தையும் நேர்செய்துவிடலாம் என்று கணக்குப் போடுவான். பகோடாவுக்கு ஒரு செங்கல் வைப்பதற்குள் செத்துப்போகிறான். பாத்திரமாகப் பார்த்தால் அபாரம். ஆனால் பர்மாவின் மனசுக்கு அவன்தான் நமக்குக் கிடைக்கும் ஒரே வாசல் என்பது எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

ஜூன் 10

ஃப்ளோரி வைத்திருந்த பர்மியப் பெண் மா ஹ்லா மே பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். ஃப்ளோரி அவளைப் பெற்றோரிடம் முந்நூறு ரூபாய் கொடுத்து வாங்கியவன். எலிசபெத் வந்ததும் துரத்துகிறான். அவள் நேராக வந்து நின்று நியாயம் கேட்கிறாள்: ஊருக்குத் திரும்பினால் என்னை யார் மதிப்பார்கள்? அந்தக் கேள்வி நாவலிலேயே பெரிய கேள்வி. ஆனால் கதை அவளைப் பணத்துக்காக மிரட்டுபவளாகவும், கடைசியில் மாதா கோவிலுக்குள் புகுந்து கூச்சல் போடுகிறவளாகவும் ஆக்கி, ஃப்ளோரியின் அழிவுக்கு ஒரு கருவியாக வைத்துக்கொள்கிறது. அவளை அனுப்பியவன் ஊ போ ச்சின். சொந்தக் கோபத்தைக்கூட அவளுக்கு முழுசாகக் கொடுக்கவில்லை.

அதே கோவில் காட்சியில் எலிசபெத்தால் மன்னிக்க முடியாமல் போவது ஃப்ளோரியின் மச்சத்தை. அவன் செய்ததைவிட அவன் முகத்தில் இருக்கும் கறுப்பு அவளுக்குப் பெரிதாகப் படுகிறது. அவன் செத்த பிறகு அந்த மச்சம் வெளிறிப்போகிறது. வெள்ளைத் தோலில் விழுந்த கறையை வைத்தே ஒரு மனிதனின் கதையைச் சொல்லிவிட்டார். இனம் பற்றிய நாவலின் முழுச் சிந்தனையும் அந்தக் கன்னத்தில் இருக்கிறது.

ஜூன் 12

இரண்டு நாளாக ஆர்வெல்லின் பர்மா எழுத்துகள் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு நம் ஆட்களைத் தேடினேன். தேடிய பிறகு தூக்கம் வரவில்லை.

1931-இல் வந்த ‘ஒரு தூக்கு’ கட்டுரை. மழைக்காலக் காலை, ஜெயில், தூக்குமேடைக்கு நடக்கும் ஒரு இந்து கைதி, வழியில் தேங்கிய தண்ணீரை மிதிக்காமல் ஒதுங்குகிறான். அந்த ஒதுங்கலில்தான் உயிரைப் பறிப்பது எவ்வளவு பெரிய தவறு என்று எழுத்தாளனுக்கு உறைக்கிறது. உலகமே கொண்டாடும் பத்தி, கொண்டாட வேண்டியதுதான். அங்கே தலைமை ஜெயிலர் ஃபிரான்சிஸ். தடித்த திராவிடன், வெள்ளை டிரில் சூட், தங்க பிரேம் கண்ணாடி. ‘ஸ்’ எழுத்தை இழுத்து இழுத்துப் பேசுவான். எல்லாம் திருப்தியாக முடிந்தது என்று சூப்பிரண்டிடம் குழைவான். தூக்கு முடிந்ததும் பழைய தூக்குகளின் கதையைச் சொல்லிச் சிரிக்க வைக்கிறவனும் அவன்தான்.

1934-இல் ‘பர்மிய நாட்கள்’. டாக்டர் வீராசாமி. குள்ளம், குண்டு, கறுப்பு, இரும்பு பிரேம் கண்ணாடி. அதே இழுத்த ‘ஸ்’. அதோடு அந்தப் பட்லர்.

1936-இல் ‘யானையைச் சுடுதல்’ கட்டுரை. மௌல்மேனில் மதம் பிடித்த யானை ஒரு கூலியைச் சேற்றில் அழுத்திக் கொல்கிறது. கறுத்த திராவிடக் கூலி என்கிறார். பெயர் இல்லை. செத்த முகத்தை ஒரு பத்தியில் சொல்கிறார், கொடூரமாகவும் உண்மையாகவும் இருக்கிறது. பிறகு யானை சாகும் வேதனை பக்கம் பக்கமாகப் போகிறது. யானைக்கு உரியவனும் ஒரு இந்தியன்தான், அவனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கடைசியில் இளம் ஆங்கிலேயர்கள், ஒரு கொரிங்கிக் கூலியைவிட யானை விலை அதிகம் என்று பேசுகிறார்கள். கூலி செத்தது நல்லதாய்ப் போயிற்று, சட்டம் என் பக்கம் ஆயிற்று என்று கதைசொல்லியே சொல்கிறான்.

ஒருத்தன் ஆட்சிக்காகத் தூக்கை நடத்திவைக்கிறான், ஒருத்தன் ஆட்சியைப் புகழ்கிறான், ஒருத்தன் ஆட்சியிடம் உதை வாங்குகிறான், ஒருத்தன் செத்து ஆட்சிக்குச் சட்டப் பாதுகாப்பு கொடுக்கிறான். நாலு பேரும் கறுப்பர்கள், நாலு பேரும் நம் தெற்கத்தி ஆட்கள். ஆர்வெல் இவர்களைத் திட்டமிட்டு அடுக்கினார் என்று சொல்ல மாட்டேன். அவர் கண்ணில் பட்ட பர்மாவில் எங்கே திரும்பினாலும் இவர்கள் இருந்திருக்கிறார்கள். இவர்கள் எப்படி அங்கே வந்தார்கள் என்று ஒரு வரி எழுத அவருக்குத் தோன்றவில்லை.

ஜூன் 12, இரவு

கொரிங்கி என்றால் யார் என்று கேட்டவருக்கு: கோதாவரிக் கழிமுகத்தில் கொரிங்கா என்ற துறைமுகம். அங்கிருந்து பர்மாவுக்குக் கப்பலேறிய கூலிகளுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. தெலுங்கர்கள். அதனால் அந்தக் கூலியைத் ‘தமிழர்’ என்று யாரும் உரிமை கொண்டாட வேண்டாம். சாவிலும் அவருக்கு அவர் ஊர் இருக்கட்டும்.

ஜூன் 14

“அந்தக் காலத்து மனுஷன், அப்படித்தான் எழுதுவான்” என்கிறார் ஒருவர். இந்த வாதம் எனக்குச் செல்லாது.

ஆர்வெல் அந்தக் காலத்துக்குள் சும்மா உட்கார்ந்திருந்தவர் இல்லை. 1922-இல் பத்தொன்பது வயதில் பர்மாவுக்குப் போலீஸாகப் போனவர், 1927-இல் விடுப்பில் வந்து வேலையை உதறியவர். அப்பா இந்திய அரசின் அபினி இலாகாவில் அதிகாரி, அம்மா வீட்டார் மௌல்மேனில் வாழ்ந்தவர்கள். பேரரசின் சோற்றை இரண்டு தலைமுறையாகச் சாப்பிட்ட குடும்பம் என்று அவருக்கே தெரியும். 1929-இல் ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையில், பர்மாவை இங்கிலாந்து எப்படிச் சுரண்டுகிறது என்று பொருளாதாரமாகவே எழுதியிருக்கிறார். அதிகாரி பர்மியனை அமுக்கிப் பிடித்துக்கொள்கிறான், வியாபாரி பாக்கெட்டைத் துழாவுகிறான் என்று ஃப்ளோரி வாயால் சொல்ல வைத்தவர். கறுப்பனை முன்னேற்ற வந்தோம் என்பது பொய், கொள்ளையடிக்க வந்தோம் என்று எழுதியவர். அத்தனை தெளிவாக யோசித்தவரிடம் நான் அதிகமாகக் கேட்பது நியாயம்.

பத்து வருஷம் முன்னால் 1924-இல் ஃபார்ஸ்டர் ‘எ பாசேஜ் டு இந்தியா’ நாவலை எழுதினார், அதிலும் இந்திய டாக்டர் ஒருவர். அஸீஸ் வெள்ளைக்காரனை நேசித்து, அவமானப்பட்டு, வழக்கில் சிக்கி, வெளியே வந்து, நீங்கள் இந்த நாட்டை விட்டுப் போன பிறகுதான் நமக்குள் நட்பு என்று குதிரை மேல் உட்கார்ந்து சொல்கிறார். வீராசாமிக்கு அந்த மாதிரி ஒரு நிமிஷம்கூடக் கிடையாது. ஃப்ளோரி பிரிட்டிஷ் ஆட்சியைத் திட்டத் திட்ட, வராந்தாவில் உட்கார்ந்து அதைக் காப்பாற்றிப் பேசுவது டாக்டர் வேலை. ரோடு போட்டது யார், ஆஸ்பத்திரி கட்டியது யார், கீழைநாட்டவர் சோம்பேறிகள், நீங்கள் இல்லாவிட்டால் நாங்கள் என்ன ஆவோம்? பேரரசுக்கு ஆதரவான வாதங்களில் இருப்பதிலேயே இதமானதை ஒரு தென்னிந்தியர் வாயில் வைத்துவிட்டார். எதிர்ப்பு முழுக்க வெள்ளைக்காரனுக்கு. திட்டும் உரிமையும் அவனுக்கே.

ஜூன் 15

மேலே எழுதியதைப் படித்துவிட்டு எங்கள் வீட்டை நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் ஆயா பர்மாவில் பெகு பக்கம் பிறந்தவள். 1964-இல் அங்கே நெ வின் ராணுவ அரசு கடைகளையும் ஆலைகளையும் தேசியமயமாக்கி, பெரிய நோட்டுகளைச் செல்லாததாக்கிய பிறகு, மூட்டையோடு மெட்ராஸுக்குக் கப்பலில் வந்து இறங்கியவர்களில் ஒருத்தி. வியாசர்பாடியில் நான் வளர்ந்தது அவள் மடியில். கடைசி வரைக்கும் கன்னத்தில் தானாக்கா என்ற பர்மிய மரச்சாந்தைப் பூசினாள். “வெள்ளக்காரன் இருந்த வரைக்கும் ஒரு நாயம் இருந்துச்சுடா” என்பாள். கல்லூரியில் படிக்கும்போது இதைக் கேட்டு அவளோடு சண்டை போட்டிருக்கிறேன். அவள் திருப்பிக் கத்த மாட்டாள். 1930-இல் ரங்கூனில் அவள் அப்பா ஒரு பர்மியர் வீட்டு அரிசிக் குதிருக்குப் பின்னால் ஒளிந்திருந்த கதையைச் சொல்வாள். அவ்வளவுதான் அவள் வாதம்.

அந்த 1930 மே மாதக் கலவரத்தைப் பற்றிப் பிறகுதான் படித்தேன். துறைமுகத்தில் தெலுங்குத் தொழிலாளிகள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். கம்பெனிகள் பர்மியர்களைக் கூட்டிவந்து வேலையில் போட்டன. பிறகு தெலுங்கர்களோடு சமரசம் ஆனதும் பர்மியர்களைத் துரத்திவிட்டன. இரண்டு பட்டினிகளை மோதவிட்டவன் கம்பெனிக்காரன், செத்தது நூற்றுக்கு மேற்பட்ட மனிதர்கள், பெரும்பாலும் இந்தியர்கள். அதற்குப் பிறகு 1938-இல் இன்னொரு கலவரம். 1942-இல் ஜப்பான்காரன் வந்ததும் லட்சக்கணக்கானவர்கள் மலையும் காடும் கடந்து நடந்தார்கள், வழியிலேயே ஆயிரம் ஆயிரமாகச் செத்தார்கள்.

ஆயாவுக்கு வெள்ளைக்காரன் மேல் பாசம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. அவன் போனால் நாம் யார் வீட்டில் நிற்கிறோம் என்ற பயம் இருந்தது. ஆட்சிதான் அவர்களைக் கொண்டுபோய் அங்கே விட்டது, அந்த ஆட்சியின் நிழலைத் தவிர நிற்க வேறு இடம் இல்லை. டாக்டர் வீராசாமி வராந்தாவில் பேசுவது எனக்கு ஆயாவின் குரலில் கேட்கத் தொடங்கிவிட்டது. ஜூன் 14-இல் எழுதியது நிற்கட்டும், ஆனால் அந்த ஆளை ஜால்ராவாகப் பார்த்து ஒதுக்க இப்போது எனக்கு மனசு வரவில்லை.

ஜூன் 15, இரவு

கோபம் ஆர்வெல் மேல் இன்னும் கொஞ்சம் கூடத்தான் செய்கிறது. அந்த பயம் நாவலில் எங்கே? வீராசாமி ராஜபக்தராக இருக்கிறார், ஏன் என்ற காரணம் கிடையாது. பர்மிய ஊரில் இந்தியனாக இருப்பது என்றால் என்ன என்று அவர் ஒரு தடவைகூட யோசிக்கவில்லை.

ஜூன் 18

“நாவலின் காலம் 1920-களின் நடு, இடம் மேல் பர்மா. செட்டியார் கடன், கலவரம் எல்லாம் கீழ் பர்மா விஷயம். இல்லாத இடத்தில் ஏன் தேடுகிறீர்கள்?” நல்ல கேள்வி, இதுவரை வந்ததிலேயே நல்லது.

உண்மைதான், நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் பெரிய கொடுக்கல் வாங்கல் ஐராவதிக் கழிமுகத்து நெல்வயலில். 1930-க்குப் பின் நெல் விலை விழுந்து, அடமான நிலங்கள் செட்டியார் கைக்கு வந்து, பத்து வருஷத்துக்குள் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்வாசி நிலம் அவர்களிடம் சேர்ந்தது. அது நாவலின் காலத்துக்குப் பிந்தியது. கத்தாவில் அது தெரியாது.

ஆனால் ஆர்வெல் கத்தாவில் மட்டும் இல்லை. மியாங்ம்யா, ட்வான்டே, சிரியம், இன்செயின் என்று கழிமுகத்தையும் ரங்கூன் ஓரத்தையும் சுற்றிவிட்டுத்தான் அங்கே போனார். ரங்கூனில் அப்போது பாதிக்கு மேல் இந்தியர். அவர் எழுதிக்கொண்டிருந்த 1930-களின் தொடக்கத்தில் கலவரம் நடந்து முடிந்திருந்தது, பர்மாவை இந்தியாவிலிருந்து பிரிப்பதா வேண்டாமா என்ற பேச்சு நடந்துகொண்டிருந்தது. 1937-இல் பிரித்தும்விட்டார்கள். பேரரசு பர்மாவை ஆண்டது வெள்ளைக்காரக் கையால் மட்டும் இல்லை. 1824-இல் முதல் பர்மியப் போருக்கே மதராஸ் சிப்பாய்கள் போனார்கள். குமாஸ்தா, வார்டன், போலீஸ், வட்டிக்கடை, துறைமுகக் கூலி என்று பர்மியன் தினமும் முகத்துக்கு முகம் பார்த்த பேரரசு பெரும்பாலும் இந்திய முகத்தோடுதான் இருந்தது. நாவலிலும் அந்த முகங்களில் பல வருகின்றன. அந்த முகங்களைப் பர்மியன் எப்படிப் பார்த்தான் என்பதுதான் விட்டுப்போயிற்று.

இதை எழுதும்போது எனக்கு வலிக்கிறது. செட்டியார் கடனில் நிலம் இழந்த பர்மியக் குடியானவன் பக்கமும் நியாயம் இருக்கிறது, குதிருக்குப் பின்னால் ஒளிந்த என் பூட்டன் பக்கமும் இருக்கிறது. இரண்டையும் ஒரே நாவலில் எழுத முடிந்த ஆள் ஒருவர் அந்தக் காலத்தில் இருந்தார் என்றால் அது ஆர்வெல்தான். அதனால்தான் விடாமல் கேட்கிறேன்.

ஜூன் 18, கூடவே

நாவலில் வரும் கிளர்ச்சியைச் சேர்க்க மறந்தவர்கள் இருக்கிறார்கள். தோங்வா கிராமத்துக் கிளர்ச்சியை ஊ போ ச்சின்னே கிளப்பிவிட்டு, அவனே அடக்கி, பேர் வாங்கிக்கொள்கிறான். துப்பாக்கிக் குண்டு துளைக்காத மந்திரச் சட்டை என்று கிராமத்தாரை நம்ப வைக்கிறார்கள். 1930 டிசம்பரில் தராவடி மாவட்டத்தில் சாயா சான் தலைமையில் நிஜமான விவசாயிகள் எழுந்தார்கள். தாயத்தும் பச்சைகுத்தலும் காக்கும் என்று நம்பித் துப்பாக்கிக்கு முன்னால் நின்றார்கள். 1931-இல் அவரைத் தூக்கிலிட்டார்கள். வரி, கடன், விழுந்துபோன நெல் விலை, இவை எல்லாம் அந்தத் தாயத்துக்குப் பின்னால் இருந்தன. நாவல் தாயத்தை வைத்துக்கொண்டு வரியை விட்டுவிட்டது. துறவி ஊ ஒட்டமா 1921-லேயே ராஜதுரோகத்துக்காகச் சிறை போனவர், 1920-இல் ரங்கூன் பல்கலைக்கழக மாணவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவராவது சவுக்டடா வழியாகப் போயிருக்கக் கூடாதா? தேசியம் என்ற பெயரில் நாவலில் இருப்பது அவதூறு எழுதும் ஒரு சின்னப் பத்திரிகை. அதையும் ஆட்டுவிப்பவன் ஊ போ ச்சின்.

எல்லிஸ் ஒரு பள்ளிக்கூடப் பையனைப் பிரம்பால் முகத்தில் அடிக்கிறான், பையனுக்குக் கண் போகிறது, ஊர் திரண்டு கிளப்பைச் சுற்றி நின்று எல்லிஸை ஒப்படைக்கச் சொல்கிறது. அந்த ஓர் இரவில் மட்டும்தான் பர்மியர்களின் கோபம் அவர்களுடைய சொந்தக் கோபமாக வருகிறது. அதையும் கூரைக்கு அடியில் சிக்கிய வெள்ளைக்காரர்களின் பக்கம் இருந்து பார்க்கிறோம்.

ஜூன் 21

இங்கே பேசுகிறவர்கள் தேடிப் படிக்க வேண்டிய ஒருவர் வெ. சாமிநாத சர்மா. 1930-களில் ரங்கூனில் வாழ்ந்தவர், 1937-இலிருந்து அங்கிருந்தே ‘ஜோதி’ பத்திரிகை நடத்தியவர். உலக அரசியலையும் நாட்டு விடுதலையையும் தமிழில் எளிமையாக எழுதிக் குவித்தவர். 1942-இல் ரங்கூனை விட்டு நடந்து வந்ததைப் பயண நூலாக எழுதியிருக்கிறார். வீராசாமியின் அலமாரியில் எமர்சனும் கார்லைலும் இருந்தார்கள், டாக்டர் பெரிய படிப்பாளி. சர்மாவும் படிப்பாளி, பர்மாவில் வாழ்ந்த தென்னிந்தியர். படித்த படிப்பு அவரை வெள்ளைக்காரனுக்கு வக்காலத்து வாங்க வைக்கவில்லை. இப்படிப்பட்ட ஆட்கள் பர்மாவில் நம்மிடையே இருந்தார்கள் என்று ஆர்வெல்லை மட்டும் படிக்கிறவருக்குத் தெரிய வழியே இல்லை.

ஜூன் 21, பதில்

பதிப்பு பற்றிக் கேட்டவருக்கு: முதலில் வந்தது 1934-இல் நியூயார்க்கில், ஹார்ப்பர் பதிப்பு. லண்டனில் வழக்கு வந்துவிடும் என்று பயந்தார்கள், 1935-இல் கொலான்ஸ் பெயர்களை மாற்றித்தான் வெளியிட்டார். இப்போது கடையில் கிடைப்பதில் பழைய பெயர்களே இருக்கும்.

ஜூன் 25

என் அக்கா இதை எல்லாம் படித்துவிட்டு போன் செய்தாள். கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறவள். “ஏன்டா, வீராசாமிய எல்லாரும் அப்பாவி அப்பாவின்னே எழுதுறீங்க? அவரு கிளப்பப் பத்திப் பேசறத ஒழுங்கா படிச்சியா?” என்றாள். அப்போதே எடுத்துப் படித்தேன்.

டாக்டர் ஃப்ளோரியிடம் சொல்வது இது. ஊ போ ச்சின் என்னை அழிக்கப் பார்க்கிறான், என் மேல் குற்றம் உண்டா இல்லையா என்று யாரும் பார்க்க மாட்டார்கள், மதிப்பு யாருக்கு அதிகம் என்பதுதான் கணக்கு. கிளப்பில் உறுப்பினராகிவிட்டால் நான் அங்கே ஐரோப்பியனுக்குச் சமம், எந்த அவதூறும் தொட முடியாது. கிளப்புக்குள் நுழையக்கூடப் போவதில்லை, சீட்டு விளையாடப் போவதில்லை, உறுப்பினர் என்ற பெயர் மட்டும் போதும். இத்தனையும் சொல்லிவிட்டு, என்னை முன்மொழியச் சொல்லி உன்னைக் கேட்க மாட்டேன், நீ என் நண்பனாக இருப்பதே போதும் என்கிறார்.

இது பேரரசை நம்பி ஏமாந்தவன் பேச்சு இல்லை. ஆட்சி எதனால் ஓடுகிறது என்று ஃப்ளோரியைவிட நன்றாகப் புரிந்தவன் பேச்சு. ஃப்ளோரிக்குப் பேரரசு ஒரு மனச்சாட்சிப் பிரச்சினை, அதைத் திட்டிவிட்டுப் பீர் குடிக்கலாம். டாக்டருக்கு அது வேலை, சம்பளம், பெண்டாட்டி பிள்ளை, ஜெயிலுக்கு வெளியே இருப்பதா உள்ளே இருப்பதா என்ற கேள்வி. ஃப்ளோரி திட்டுவதைக் கேட்டால் டாக்டர் பதறுகிறாரே, அந்தப் பதற்றத்தை இத்தனை வருஷம் பக்தி என்றே படித்திருந்தேன். ஒருத்தனுக்கு வராந்தாவில் பேசிவிட்டுப் போகும் வசதி இருக்கிறது, மற்றவனுக்கு இல்லை என்று இப்போது படிக்கிறேன். அந்தப் பேச்சு நடந்த அன்று இரவே ஃப்ளோரி கிளப்பில் டாக்டருக்கு எதிரான அறிவிப்பில் கையெழுத்துப் போட்டுவிடுகிறான். எதிர்த்துச் சொல்லத் தைரியம் இல்லாமல் போட்டது. அந்தத் துரோகத்தைக்கூட டாக்டர் பெருந்தன்மையோடு விட்டுவிடுகிறார். விடாமல் வேறு என்ன செய்வார்?

அக்காவிடம் இதைச் சொன்னேன். அவள் இன்னும் ஒரு படி போகிறாள்: ஆர்வெல் இதைத் தெரிந்தே எழுதினார், இழுத்த ‘ஸ்’ஸையும் குண்டு உடம்பையும் பார்த்துச் சிரித்துவிட்டு நாம்தான் விட்டுவிட்டோம் என்கிறாள். எனக்கு அவ்வளவு தூரம் போக மனமில்லை. அந்தச் சிரிப்பை எழுதி வைத்தவரும் அவர்தானே. ஃப்ளோரி செத்ததும் டாக்டரின் கதை சில வரியில் முடிகிறது. மாண்டலே ஆஸ்பத்திரியில் கீழ்ப்பதவி, குறைந்த சம்பளம், தேடிப் பிடித்த புது நண்பர்களிடம் பேரரசைப் பற்றி அதே வாதம். எலிசபெத்துக்குப் பெரிய துரைசாணியாகும் வாழ்வைக் கடைசிப் பத்தி விவரமாகக் கொடுக்கிறது.

அக்கா இந்த வருஷம் மூன்றாமாண்டு வகுப்பில் அந்த மூன்றாம் அத்தியாயத்தை, வராந்தா உரையாடலை மட்டும், டாக்டர் பேசும் வரிகளைத் தனியாகப் பிரித்து மாணவர்களைச் சத்தமாகப் படிக்கச் சொல்லப்போகிறாளாம். ஃப்ளோரியின் பதில் இல்லாமல். எப்படிப் போனது என்று கேட்டு இங்கே எழுதுகிறேன்.